வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதி: பதில் வரும்வரை மனம் தளர வேண்டாம்!

2024ஆம் ஆண்டு நோன்பு காலம். மார்ச் 29ஆம் திகதி அதிகாலை. சஹர் சாப்பாட்டுக்காகத் தங்கையின் வீட்டில் எல்லோரும் எழும்பியிருந்தோம். ஆனால் எவரது கவனமும் சாப்பாட்டில் இருக்கவில்லை. தங்கையின் மூத்த மகள் கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நேரம் 4.30. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முன்னைய நாள் மாலை ஏழு மணி. அங்குள்ள பழைமைவாய்ந்த எட்டுப் பல்கலைக்கழகங்கள் தமது அனுமதி முடிவுகளை ஒரே நேரத்தில் வெளியிடும் வேளை அது. அவற்றுள் இரண்டுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள்.

முதல் பதிலைத் திறந்து வாசித்தாள். இரண்டாவதையும் திறந்தாள். பிறகு எழுந்து வந்து சோற்றுப் பீங்கானின் முன்னால் அமர்ந்தாள். அவளது வாப்பா எதுவும் கேட்கவில்லை. தங்கை தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். சற்று நேரம் சென்றபின் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் காணாதா, பெரியம்மா?"

அன்று அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இருக்கவில்லை. "எல்லாம் நன்மைக்குத்தான் மகள்" என்று மட்டும் சொன்னேன். அந்த வார்த்தை அவளுக்குப் போதவில்லை என்பதை அவளது முகமே காட்டியது. அதன்பின் இந்த அனுமதி முறையைப் பற்றி விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை, இதே போன்று காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களது பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

வெட்டுப்புள்ளிக்குப் பழகிய மனம்

நமக்குப் பழக்கமான முறை வேறு. க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ஓர் இஸட் புள்ளி கிடைக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. இடம் கிடைக்காத பிள்ளைக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியும். வெட்டுப்புள்ளி இவ்வளவு, எனது புள்ளி இவ்வளவு என்று காட்டலாம். மனம் வருந்தினாலும் கணக்கு விளங்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படியொரு புள்ளி இல்லை. பாடசாலைப் பெறுபேறுகள், பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, ஆசிரியர்களின் கடிதங்கள், பாடசாலைக்கு வெளியே செய்த வேலைகள் என எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். எந்தத் துறைக்கு எத்தனை பேர் வேண்டும், எந்தெந்த நாடுகளிலிருந்து மாணவர்கள் வர வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. முடிவில் வருவது ஆம் அல்லது இல்லை என்ற ஒரு பதில் மாத்திரமே. காரணம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

காரணம் சொல்லப்படாத இடத்தில் பிள்ளை தானே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. பெரும்பாலும் தன்னையே குறை காண்கிறது. எனது மருமகளும் அதைத்தான் செய்தாள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு 2024இல் அனுமதி கோரியவர்கள் 54,008 பேர். அனுமதி பெற்றவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர் கூட இல்லை. மறுக்கப்பட்ட ஐம்பத்திரண்டாயிரம் பேரில் எத்தனையோ பேர் தமது பாடசாலையில் முதலாம் இடத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்வாரா?

பணமும் தீர்ப்பில் சேரும்

வெளிநாட்டு விண்ணப்பதாரிகள் பலர் அறியாத மற்றொரு விடயம் உண்டு. அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் ஒருவர் நிதியுதவி கேட்டால் அதையும் கருத்திற்கொண்டே முடிவு செய்கின்றன. உதவிக்கென ஒதுக்கிய பணம் சிறிய தொகையாக இருந்தால், மிகவும் பிடித்த பிள்ளையைக் கூட அவர்கள் விட்டுவிட நேரிடும்.

குடும்பத்தின் வசதியைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன், மஸாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2022இல் டார்ட்மத், போடின் ஆகிய இரண்டும் இந்த வழிக்கு வந்தன. பின்னர் பிரவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. உதவி தேவைப்படும் உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் இந்தச் சில வாசல்களையே தட்டுவதால் அங்கே நெருக்கம் இன்னும் அதிகம்.

ஆகவே "இல்லை" என்ற பதில் வந்தால், அது பிள்ளையின் அறிவைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த ஆண்டின் இடங்களும் பணமும் சேர்ந்து தந்த முடிவு அது. இதைப் பதில் வந்தபின் சொன்னால் ஆறுதலாக மட்டுமே கேட்கும். பதில் வருமுன்பே வீட்டில் பேசி வைத்தால் பிள்ளைக்குப் பலமாக இருக்கும்.

காத்திருக்கும் நாட்களில்

நவம்பரில் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பர் நடுப்பகுதியில் பதில் கிடைக்கும். ஜனவரியில் விண்ணப்பிப்போர் மார்ச் இறுதி வரை காத்திருக்க வேண்டும். இந்த மூன்று மாதங்களை வெறுமனே கழித்தால் ஒவ்வொரு நாளும் பாரமாகிவிடும்.

முதலில், பாடங்களைக் கைவிடக் கூடாது. பாடசாலையின் இடைக்காலப் புள்ளிகளையும் இறுதிப் பெறுபேற்றையும் அந்தப் பல்கலைக்கழகங்கள் கேட்டுப் பெறுகின்றன. அனுமதி கிடைத்தபின் புள்ளிகள் மோசமாகச் சரிந்தால் அதை மீளப் பெறவும் அவர்களால் முடியும். அதைவிட முக்கியம், உள்நாட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பது. எனது மருமகளின் தொகுதியினருக்கு உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. விண்ணப்ப முடிவுத் திகதிகளும் அதே நாட்களில்தான். "அமெரிக்கா போகப் போகிறவளுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். அவளது வாப்பா மட்டும் பிடிவாதமாக, "ரெண்டையும் செய்ங்க மகள்" என்றார்.

இரண்டாவதாக, விண்ணப்பக் கணக்கையும் மின்னஞ்சலையும் வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். ஏதேனும் பத்திரம் குறைந்தால் அங்கே அறிவித்தல் வரும். அதை உடனே அனுப்பிவிட வேண்டும். மணிக்கொரு தடவை பார்ப்பதால் முடிவு முந்தி வரப் போவதில்லை.

மூன்றாவதாக, பதிலை எப்போது திறப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். மஸாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் கணித மாறிலியான பை எண்ணை நினைவூட்டும் வகையில் மார்ச் 14ஆம் திகதி மாலை 6.28க்கு முடிவை வெளியிடுவது வழக்கம். நமக்கு அது மறுநாள் அதிகாலை 3.58. நித்திரையைக் கெடுத்து அந்த நேரத்திலேயே திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலையில் தேநீர் குடித்து, வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்கத் திறந்தாலும் பதில் அதே பதில்தான்.

இடைநடுவான பதில்கள்

ஆம், இல்லை என்பவற்றுக்கு நடுவிலும் சில பதில்கள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்கு "முடிவு பிற்போடப்பட்டுள்ளது" என்று வரலாம். அப்படியானால் மார்ச் மாதத்தில் மற்றவர்களோடு சேர்த்து மீண்டும் பார்ப்பார்கள். மார்ச் மாதத்தில் "காத்திருப்போர் பட்டியல்" என்றும் வரலாம். அனுமதி பெற்றவர்கள் மே 1ஆம் திகதிக்குள் தமது விருப்பத்தை அறிவிக்க வேண்டும் என்பது பொதுவான முறை. அதன்பின் வெற்றிடம் இருந்தால் மாத்திரமே பட்டியலில் உள்ளவர்களை அழைப்பார்கள்.

இவ்வாறான பதில் வந்தால், இப்போதும் விருப்பமாக இருக்கிறேன் என்றும் விண்ணப்பித்த பின் சாதித்தவை இவை என்றும் ஒரு சுருக்கமான கடிதம் எழுதலாம். ஒன்று போதும். கூடவே, ஆம் என்று சொன்ன வேறோர் இடம் இருந்தால் அதை உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். காத்திருப்போர் பட்டியலை நம்பிக் கையிலுள்ளதை விட்டுவிடக் கூடாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

"என்ன மகள், லெட்டர் வந்திச்சா?" பக்கத்து வீட்டு மாமி, கல்யாண வீட்டில் சந்திக்கும் சாச்சி, கடைக்கார நானா என எல்லோரும் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் "இன்னும் இல்ல" என்று சொல்லும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பித்த செய்தியை ஊரெல்லாம் சொல்லாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. உறவினரின் கேள்விகளுக்குப் பெற்றோரே பதில் சொல்லிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுங்கள். வருடத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியும், எதற்கு மேல் முடியாது என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அனுமதி கிடைப்பதோடும் எல்லாம் முடிவதில்லை. முதலாம் ஆண்டுச் செலவுக்கான பணம் உண்டு என்பதை ஆவணங்களால் காட்ட வேண்டும், மாணவர் விசா பெற வேண்டும். 2025 மே மாத இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகத் திகதிகளை வழங்குவதை நிறுத்தி, மூன்று வாரங்களளவில் சென்று மீண்டும் ஆரம்பித்தன. கையில் அனுமதிக் கடிதம் வைத்திருந்த பிள்ளைகளும் அப்போது தவித்தார்கள். ஆகவே எந்தக் கட்டத்திலும் மாற்று வழி ஒன்று இருப்பது நல்லது. மாற்று வழி வைத்திருப்பதை நம்பிக்கைக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஒரு வாசல் அடைபட்டாலும் மனம் உடையாமல் இருக்க உதவுவது அதுதான்.

பிறகு என்ன நடந்தது?

மருமகளின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து அனுமதி வந்தது. வீடே மகிழ்ந்தது. ஆனால் அவர்கள் தருவதாகச் சொன்ன உதவி செலவில் பாதிக்குச் சற்று மேல்தான். அவளது வாப்பா மூன்று இரவுகள் கணக்குப் பார்த்தார். காணியை விற்கலாமா என்றும் யோசித்தார். நாலாம் நாள் அவளே கல்லூரிக்கு நன்றி சொல்லி, வர முடியவில்லை என்று எழுதிவிட்டாள். அன்று அவள் அழுததை நான் மறைக்க விரும்பவில்லை.

மே 31ஆம் திகதி உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தன. அவள் இப்போது நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானம் படிக்கிறாள். விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்காக அமெரிக்கா செல்லும் மாணவர்கள் பலருக்குக் கற்பித்தல் உதவியாளர் வேலையும் அதற்கான சம்பளமும் அங்கேயே கிடைக்கின்றன. அதை அவள் விசாரித்து வைத்திருக்கிறாள். "இன்னும் நாலு வருஷத்தில பார்ப்போம் பெரியம்மா" என்கிறாள்.

அன்று சஹர் நேரத்தில் சொல்ல முடியாமற்போன பதிலை அண்மையில்தான் அவளிடம் சொன்னேன். "இடந்தான் காணாது மகள், காசுந்தான் காணாது. நீங்க காணும்."

அவள் சிரித்தாள். காத்திருக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வார்த்தையை, பதில் வருமுன்பே, யாராவது ஒருவர் சொல்லி வையுங்கள்.