உழவர் சந்தை நமக்குச் சொல்லும் பாடம்

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. "இனி நம்மிடம் காய்கறி வாங்க யார் வருவார்கள்?" என்று அப்போது நம்மவர் பலர் கலங்கினோம்.

சென்ற மாதம் விடியற்காலையில் கேமராவுடன் அங்கு சென்றேன். வெண்டை, கத்தரி, முருங்கை, கீரைக்கட்டுகள் என்று குவியல் குவியலாகச் சரக்கு. கூட்டத்தில் நடக்க வழியில்லை. படம் வேண்டாம் என்ற மூதாட்டியை விட்டுவிட்டு, அவருடைய கத்தரிக்காயை மட்டும் எடுத்து வந்தேன்.

அந்தப் படங்களில் வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, விலைப்பலகை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலையை எழுதி வைக்கிறார்கள். வாங்குபவர் பலகையைப் பார்க்கிறார், பணத்தை நீட்டுகிறார். பேரத்துக்கு வேலையில்லை.

இரண்டாவது, தராசு. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடையுடன் தராசும் வாடகையின்றிக் கிடைக்கிறது. எடை வாடிக்கையாளர் கண்ணெதிரே நடக்கிறது.

மூன்றாவது, நண்பகலில் எடுத்த படம். விவசாயிகள் ஊர் திரும்பிவிட, திண்ணைகள் காலி.

மாலையில் வேலை முடிந்து வருபவருக்குக் கால் கிலோ தக்காளி தருவதும், மாதக் கணக்கில் எழுதிக்கொள்வதும் நம் கடைதான். அந்த வாடிக்கை நிலைக்க வேண்டுமானால், நம் வாசலிலும் விலைப்பலகை தொங்கட்டும். முத்திரையிட்ட தராசு வாடிக்கையாளர் பக்கம் திரும்பி இருக்கட்டும். இரண்டுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை.