ரிம் மாற்றியதும் டயர் விளக்கு எரிவது ஏன்?

ஒலுவிலில் ஒருவர் வாகனத்துக்கு வேறு ரிம்மும் டயரும் பூட்டுகிறார். காற்றும் சரி. ஆனால் எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடமளவு மினுங்கிவிட்டு, அணையாமல் எரிகிறது. ஏன்?

அது பெரும்பாலும் காற்றுக் குறைவு அல்ல, காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பின் கோளாறு. அதில் இரு முறைகள் உண்டு. நேரடி முறையில் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் வால்வோடு சேர்ந்த சென்சர் காற்றழுத்தத்தை அளந்து, தன் அடையாள எண்ணோடு வானொலி அலையில் அனுப்பும். பழைய ரிம்மோடு அதுவும் கழன்றால் செய்தி நின்றுவிடும். புதிய சென்சரின் எண்ணை வாகனத்தில் பதிய வேண்டும். அலைவரிசையும் பொருந்த வேண்டும். ஐரோப்பிய வாகனங்களில் பெரும்பாலும் 433 மெகாஹேர்ட்ஸ். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் 315.

மறைமுக முறையில் டயருக்குள் சென்சர் இல்லை. காற்றுக் குறைந்த டயர் சற்றே அமுங்கி, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக் அமைப்பு அதைக் கண்டுபிடிக்கும். இம்முறை உள்ள வாகனத்தில் ரிம் மாற்றினால், டயர்கள் குளிர்ந்திருக்கையில் காற்றைச் சரிசெய்து, ரீசெட் கொடுத்து, சற்றுத் தூரம் ஓட்டினால் போதும்.

சென்சர் பற்றரி 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். கடலோர உப்புக்காற்று உலோக வால்வை அரிக்கும்; பிளாஸ்டிக் மூடி போடுங்கள். விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடித்தால் உயிருக்கே ஆபத்து.