பனித்தரையில் ஒரு நாஜிம்

லண்டன் என்றதும் இங்கிலாந்தே நம் நினைவில் எழும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு. லெபனானிலிருந்து அங்குக் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் 1990 அக்டோபர் 6ல் பிறந்தவர் நாஜிம் காத்ரி. பாட்டனாரின் பெயரையே பேரனுக்குச் சூட்டினர்.

கனடியச் சிறுவர்களுக்குப் பனி ஹாக்கி, நம் தெருக்களின் கிரிக்கெட் போன்றது. செலவு மட்டும் பன்மடங்கு. வளரும் பிள்ளைக்குச் சறுக்குக் காலணியைத் திரும்பத் திரும்ப வாங்கியாக வேண்டுமே!

சொந்த ஊரின் 'லண்டன் நைட்ஸ்' அணியில் ஆடிவந்த காத்ரியை, 2009ஆம் ஆண்டுத் தேர்வில் ஏழாமவராக டொரண்டோ அணி எடுத்துக்கொண்டது. திறமைக்குக் குறைவில்லை, கோபந்தான் பகையாயிற்று. 2018, 2019 கோப்பைச் சுற்றுகளில் முரட்டாட்டத்திற்காகத் தடை பெற்றார். டொரண்டோ அவரைக் கொலராடோ அணிக்கு மாற்றிவிட்டது. அங்கும் 2021ல் எட்டு ஆட்டங்களுக்குத் தடை.

2022 மே மாதம், செயின்ட் லூயிஸ் அணியுடனான ஆட்டத்தில் எதிரணிக் கோல் காவலர்மீது மோத நேர்ந்தது. அவர் காயமுற்றார். உடனே இனவெறி வசைகளும் மிரட்டல்களும் காத்ரியைத் தேடி வந்தன. பழைய காத்ரியாயிருந்தால் என்ன நடந்திருக்குமோ! அடுத்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் போட்டார்.

ஜூனில் கட்டைவிரல் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரத்திற்குள் களம் திரும்பி, இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். ஸ்டான்லி கோப்பை கொலராடோவுக்குக் கிட்டியது.

வென்ற ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அக்கோப்பையை ஒருநாள் தம்மிடம் வைத்துக்கொள்வது மரபு. அந்த ஆகஸ்டில் காத்ரி அதைச் சுமந்து சென்ற இடங்களுள் ஒன்று, லண்டன் நகரப் பள்ளிவாசல்.