திருடன் வராமலே குரைக்கும் நாய்கள்

நமக்குத் தெரிந்ததெல்லாம் கண், காது, மூக்கு வழியாக வந்ததுதானா, இல்லை பிறக்கும்போதே கொஞ்சம் கொண்டுவந்தோமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐந்து மாதக் குழந்தை கணக்குப் போடுகிறது என்று எங்கோ படித்தாராம். அந்தச் செய்தியின் வேர், 1992இல் கேரன் வின் வெளியிட்ட ஆய்வு. திரைக்குப் பின்னால் ஒரு பொம்மை, அப்புறம் இன்னொரு பொம்மை. திரையை விலக்கும்போது ஒன்றுதான் இருந்தால் குழந்தை சற்றுக் கூடுதல் நேரம் பார்க்கிறது. நல்ல ஆய்வுதான். ஆனால் உற்றுப் பார்ப்பதைக் 'கணக்கு' என்று தலைப்பிட அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

தத்துவக்காரர்கள் இதில் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி, நேரில் காண்பது மட்டுமே அறிவு என்கிறான். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். மனம் வெற்றுத்தாளாகவே பிறக்கிறது என்றார் ஜான் லாக். லைப்னிட்ஸ் விரிவாக மறுப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, 1704இல் லாக் காலமாகிவிட்டார். இறந்தவரோடு என்ன சண்டை என்று அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார், அச்சேறியது 1765இல். வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த பதில் விழித்திரையில் இருக்கிறது. சுண்டெலிக் குட்டி கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒளியை உணரும் கூம்புச் செல்களும் கோல் செல்களும் மற்ற செல்களோடு சரியாக இணைந்துகூட இருக்காது. ஆனாலும் விழித்திரை சும்மா இருப்பதில்லை. ஒன்றிரண்டு நிமிடத்துக்கொரு முறை எங்கோ ஓரிடத்தில் மின்துடிப்பு கிளம்பி, பக்கத்துச் செல், அடுத்த செல் என்று அலையாகப் பரவி அடங்குகிறது. 1988இல் லூச்சியா காலியும் லம்பெர்த்தோ மாஃபெயும், இன்னும் பிறக்காத எலிக்குட்டியின் விழித்திரைச் செல்கள் தாமாகவே துடிப்பதைப் பதிவு செய்தார்கள். அது அலையாக ஓடுகிறது என்று 1991இல் காட்டியவர்கள், கார்லா ஷாட்ஸ் இடம்பெற்ற ஸ்டான்ஃபோர்டு குழுவினர்.

இந்த அலை எதற்கு? நடுராத்திரியில் ஊர்நாய்கள் குரைப்பதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளையார் கோயில் நாய் ஆரம்பிக்கும், ரேஷன் கடை நாய் வாங்கிக்கொள்ளும், அப்புறம் டீக்கடை நாய், கடைசியில் குளத்தங்கரை நாய். திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாயின் குரலும் தனிக் கம்பியில் வந்து சேரும் ஓர் அறையில், அந்த ஊரையே பார்த்திராத ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? நாலு ராத்திரி கேட்டால் போதும். அடுத்தடுத்துக் குரைப்பவை அடுத்தடுத்த வாசல் நாய்கள் என்று ஊரின் படத்தையே வரைந்துவிடுவார்.

மூளைதான் அந்த ஆள். விழித்திரையின் நட்சத்திர வடிவ அமக்ரைன் செல்கள்தான் குரைப்பைக் கைமாற்றிவிடுகின்றன. குரைப்பு என்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். ஒருமுறை குரைத்த செல் களைத்துச் சற்று நேரம் வாய் திறக்காது. அதனால் அலை வந்த வழியே திரும்புவதில்லை. அடுத்த முறை வேறு நாய் ஆரம்பிக்கும். கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளில் ஒன்றாகத் துடிப்பவற்றின் இணைப்பு மூளையில் வலுக்கிறது, ஒத்துப்போகாதது அறுகிறது. இரண்டு கண்களும் இரண்டு ஊர்கள். வேறுவேறு நேரத்தில் குரைப்பவை. ஆகவே தொடக்கத்தில் மூளையின் தாலமஸ் பகுதியில் பின்னிக் கிடக்கும் இரு கண்களின் இழைகள், நாளடைவில் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்துவிடுகின்றன.

முனிசிபாலிட்டி வண்டி வந்து நாய்களைப் பிடித்துப்போனால்? அதையும் 1998இல் செய்து பார்த்தார்கள். ஃபெரட் என்ற விலங்கின் குட்டிகளுடைய இரு கண்களிலும், ஈக்வடார் தவளைத் தோலில் முதலில் கிடைத்த எபிபாட்டிடின் என்ற நஞ்சைச் செலுத்தி அலையை நிறுத்தியதும், இழைகள் பிரியாமல் சிக்கலாகவே கிடந்தன. ஒரு கண்ணை மட்டும் அடக்கினால், குரைக்கும் ஊர் மற்ற ஊரின் இடத்தையும் வளைத்துக்கொண்டது.

இதற்கும் மேலே ஒரு வேடிக்கை. யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரேர் குழுவினர் 2021இல் கண்டது: கண் திறப்பதற்கு முந்தைய சில நாள்களில் சுண்டெலியின் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன. எலி முன்னோக்கி ஓடும்போது காட்சி கண்ணில் நகர்ந்துபோகும் அதே திசை. திருடன் எந்தப் பக்கமிருந்து வருவானோ அந்தப் பக்கமிருந்தே குரைத்துப் பழகுகின்றன நாய்கள்! அந்தத் திசையைக் கெடுத்தபோது, அசைவின் திசையை உணரும் செல்களின் வளர்ச்சியும் மாறிப்போனது.

ஆக, புலன் என்பது வேறு, அனுபவம் என்பது வேறு. உலகத்தைப் பற்றி ஒரு சேதியும் வராமலே கண் மூளைக்குப் பாடம் நடத்துகிறது. இதை வைத்துக் கருவிலேயே ஞானம் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். சோதனைகள் எலி, பூனை, ஃபெரட்டில் நடந்தவை. அலை தருவது அறிவு அல்ல, அறிவு வந்து இறங்க ஏற்பாடு. கர்ப்பிணி வயிற்றில் ஹெட்போன் மாட்டி விற்பவர்களுக்கு இதில் ஒரு சாட்சியும் கிடையாது.

அலையால் ஆகாதது என்ன என்பதற்கு டெல்லியில் விடை கிடைத்தது. பிறவியிலேயே பார்வையின்றி, எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து பேரைப் பவன் சின்ஹா குழுவினர் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். கையால் தடவிய கட்டை எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னால், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாகத் தேறவில்லை. கண்ணால் கண்டதைக் கண்ணாலேயே இனம் காண முடிந்தது. மீண்டும் சோதிக்கப்பட்டவர்களில் சிலருக்குச் சில நாள்களிலேயே தடவியதைக் கண்ணால் இனம் காண்பதும் கைவந்திருந்தது. கையும் கண்ணும் ஒரே கட்டையைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை எந்த ஒத்திகையும் கற்றுத்தராது. அதற்கு உலகம்தான் வர வேண்டும். வந்துவிட்டால் அதிக நாள் கேட்பதில்லை.