உயிரணுவின் உட்காவல்

உலகில் ஓராண்டில் நிகழும் டெங்குத் தொற்றுகள் ஏறத்தாழ 39 கோடி என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றுள் நோயாக வெளிப்பட்டவை 9.6 கோடி மட்டுமே. எஞ்சியோர் பெரும்பாலும் தம் குருதியில் வைரஸ் புகுந்ததையே அறிந்திலர். அவர்களைக் காத்தது எது? முன்பே ஒருமுறை தொற்றுக்கு உள்ளானவர்களுக்கு எதிர்ப்பொருள்கள் துணை நின்றிருக்கலாம். ஆனால், முன்பின் அறியாத ஒரு வைரஸுக்கு ஏற்ற எதிர்ப்பொருளை உருவாக்க உடலுக்கு ஒரு வாரமளவு தேவைப்படும். வைரஸோ சில மணி நேரத்திலேயே பெருகத் தொடங்கிவிடும். இடைப்பட்ட நாள்களில் களத்தில் நிற்பது, தாக்குதலுக்குள்ளான உயிரணுவேதான்.

ஏடிஸ் கொசு குருதியை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரோடு வைரஸும் தோலுக்குள் இறங்குகிறது. டெங்கு வைரஸின் மரபுச்செய்தி முழுவதும் ஏறத்தாழ 11,000 எழுத்துகளைக் கொண்ட ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழையில் அடங்கிவிடும். மனிதனின் மரபுச்செய்தியோ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. அவ்வளவு சிறிய இழையைக் கொண்டு டெங்கு வைரஸ் ஆக்கிக்கொள்வன பத்துப் புரதங்களே. புரதம் ஆக்கும் பட்டறை அதனிடம் இல்லை. ஆகவே, நம் உயிரணுவின் பட்டறையையே அது கைப்பற்றிக்கொள்கிறது.

இங்கே உயிரணுவுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனுள் இயல்பாகவே எண்ணற்ற ஆர்.என்.ஏ. இழைகள் உலவுகின்றன. அவற்றுள் தன்னுடையது எது, பகைவனுடையது எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? இரண்டு அடையாளங்கள் அதற்கு உதவுகின்றன. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது, நலமான உயிரணுவில் அத்தகைய இழை அரிது. மேலும், நம் செய்தி ஆர்.என்.ஏ.வின் முனையில் 'தொப்பி' எனப்படும் வேதி அமைப்பு ஒன்று உண்டு. தொப்பியற்ற முனை காணப்பட்டால் அஃது அயலாரது என்பது வெளிப்படை. ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 என்னும் இரு புரதங்கள் இவ்வடையாளங்களைத் தேடி உயிரணுவுக்குள் உலவுகின்றன. பகையிழையைப் பற்றியதும் அவை மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதத்தை உசுப்புகின்றன. அங்கிருந்து செய்தி உட்கருவுக்குச் செல்ல, அங்கு உறங்கிக் கிடந்த ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது. அதன் ஆணைப்படி உருவாகி வெளியேறும் புரதமே இன்டர்ஃபெரான்.

இதன் வரலாறு கொசுவால் பரவும் நோய்களோடு தொடர்புடையது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு உரிய வைரஸைச் செலுத்தப்பெற்ற குரங்குகள், கொடிய மஞ்சள் காய்ச்சல் வைரஸிலிருந்து தப்பின என்பதை 1937ஆம் ஆண்டில் ஃபிண்ட்லே, மெக்கல்லம் ஆகியோர் கண்டறிந்தனர். இவ்விரண்டுமே கொசுவால் பரவுவன. ஆயினும், தம்முள் உறவற்ற வைரஸ்கள். ஒன்றின் வரவு மற்றொன்றின் பெருக்கத்தில் குறுக்கிடுவானேன்? இருபதாண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டில், இலண்டனில் அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்து நாட்டினரான ஜீன் லிண்டன்மனும் இதற்கு விடை கண்டனர். கோழிக்கருவைச் சூழ்ந்த சவ்வின் துண்டுகளை, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரஸோடு அவர்கள் சேர்த்து வைத்தனர். பின்னர், அத்துண்டுகள் கிடந்த நீர்மத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளின்மேல் இட்டனர். அவற்றில் உயிருள்ள வைரஸால் பெருக இயலவில்லை. காப்பது வைரஸ் அன்று, தாக்கப்பட்ட உயிரணு வெளியிட்ட ஏதோ ஒரு பொருள் என்பது அதனால் தெளிவாயிற்று. குறுக்கிடுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர்.

இன்டர்ஃபெரான் எந்த வைரஸையும் நேரடியாகக் கொல்வதில்லை. பகைவர் வரவை ஊருக்கு அறிவிக்கும் முரசு அது. முரசொலி கேட்ட அண்டை உயிரணுக்கள் தாம் தாக்கப்படுவதற்கு முன்னரே நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிப் படைக்கலம் திரட்டுகின்றன. அப்படைக்கலங்களுள் ஒன்று ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் நொதி. பி.கே.ஆர். என்பது மற்றொன்று, அது புரதம் ஆக்கும் பட்டறையையே நிறுத்திவிடுகிறது. பட்டறை நின்றால் உயிரணுவுக்கும் கேடுதான். பகைவனுக்குப் பயன்படாதிருக்கத் தன் களஞ்சியத்துக்குத் தானே தீ வைப்பதற்கு ஒப்பானது இது. வைபெரின் என்னும் நொதியின் உத்தி இதனினும் நுட்பமானது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளுள் ஒன்றை அது சிறிதளவு மாற்றிவிடுகிறது. மாற்றப்பட்ட எழுத்து, அடுத்த கண்ணியைக் கோக்கக் கொக்கியில்லாத சங்கிலிக் கண்ணியைப் போன்றது. டெங்கு, ஜிகா முதலிய வைரஸ்களின் படியெடுக்கும் நொதி அதனை உண்மையென நம்பிக் கோத்துவிடுமாயின், இழை அவ்விடத்திலேயே அறுபட்டு நிற்கும். இது 2018ஆம் ஆண்டில்தான் விளங்கிற்று. வேதியியலார் பன்னெடுங்காலம் முயன்று உருவாக்கிய சில வைரஸ் எதிர்ப்பு மருந்துகளும் இதே வழியில்தான் இயங்குகின்றன!

இத்துணைக் காவல் இருந்தும் மக்கள் நோயுறுகிறார்களே என்னும் வினா எழலாம். வைரஸும் காவலனின் பழக்கவழக்கங்களை அறிந்தே வருகிறது. டெங்குவின் பத்துப் புரதங்களுள் ஒன்றான என்.எஸ்.5, வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு நம்முடையதைப் போன்ற தொப்பியை அணிவித்து மாறுவேடமிடச் செய்கிறது. அதுவே, முரசொலியை உட்கருவுக்குக் கொண்டு செல்லும் ஸ்டாட்2 என்னும் புரதத்தையும் அழிக்கிறது. முரசு முழங்கியும் செவி கேளாத நிலை அது. சிக்குன்குனியா வைரஸோ உயிரணுவின் மரபணுக்களைப் படியெடுக்கும் நொதியையே சிதைத்துவிடுகிறது. ஜிகாவும் டெங்குவைப் போலவே மனிதரின் ஸ்டாட்2 புரதத்தை அழிக்கும். எலியின் ஸ்டாட்2 புரதத்தை அதனால் அழிக்க இயலாது. எனவே, வளர்ந்த எலிகள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதில்லை. ஆய்வாளர்கள் இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பியை நீக்கிய எலிகளைக் கொண்டே பெரும்பாலும் ஆய்வு செய்கின்றனர். காவலை அகற்றிய பின்னரே எலி மனிதரைப் போல நோயுறுகிறது.

மனிதருள்ளும் காவல் இழந்தோர் உண்டு. சிலருடைய உடல் தன் இன்டர்ஃபெரானையே பகையெனக் கருதி அதற்கு எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. முதுமையில் இது மிகுதி. கியூலெக்ஸ் கொசுவால் பரவும் மேற்கு நைல் வைரஸ் தொற்றியவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர்க்கே மூளையும் நரம்பும் பாதிக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருந்ததைக் காட்டியது. ஒரே வைரஸ் ஒருவரை ஒன்றும் செய்யாது விடுவதற்கும் மற்றொருவரைச் சாய்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதியேனும் இதனால் விளங்குகிறது.

அவ்வாறாயின், இன்டர்ஃபெரானையே மருந்தாகச் செலுத்தினால் என்ன? கல்லீரல் அழற்சி நோய்க்கு நெடுங்காலம் அவ்வாறு செலுத்தினர். ஆயின், காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியன நோயாளிகளை வாட்டின. நோயின்போது நாம் உணரும் காய்ச்சலிலும் வலியிலும் ஒரு பங்கு வைரஸ் செய்வதன்று. காவற்படை எழுப்பும் ஆரவாரமே. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களில்தான் சிலருக்குக் குருதிநாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து உயிருக்கு இடர் நேர்கிறது. அவ்வேளையில் குருதியில் வைரஸின் அளவு குறையத் தொடங்கியிருக்கும்; எல்லை மீறிய எதிர்ப்பின் விளைவே அக்கசிவில் பெரும்பங்கு வகிக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வாளாவிருத்தல் அதனால்தான் பிழையாகிறது.

ஆகவே, அளவும் காலமும் அறிந்து காவலைத் தூண்டும் வழிகள் ஆராயப்படுகின்றன. ரிக்-ஐ புரதத்தை உசுப்பும் செயற்கை ஆர்.என்.ஏ. துணுக்குகள், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் டெங்கு, சிக்குன்குனியா ஆகிய இரண்டின் பெருக்கத்தையும் தடுத்துள்ளன. என்.எஸ்.5 புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள்களும் தேடப்படுகின்றன. ஆனால், மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உடலில் வைரஸ் ஏற்கெனவே பெருகி முடித்திருக்கும். எனவே, இத்தகைய மருந்து உருவாகுமானால், காய்ச்சலில் கிடப்பவரைவிட, அதே வீட்டிலும் தெருவிலும் இன்னும் நோயுறாது இருப்பவர்களுக்கே அது மிகுதியும் பயன்படக்கூடும்.