சீனி இல்லாத இனிப்பு: பயனும் எச்சரிக்கையும்

இனிப்பு நீர் என்று நம் மக்கள் வழங்கும் நீரிழிவு நோய், இந்நாட்டு மக்களை வாட்டும் பெரும் பிணிகளுள் ஒன்றாகும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் காட்டிற்று. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 15.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இந்தியரிடையே இதன் பாதிப்பு பிற இனத்தவரைக் காட்டிலும் மிகுதி என்பது நாம் கவலையோடு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இந்நிலையில், சீனியைக் குறைக்க விரும்புவோரை நோக்கிப் பலவகைப் பண்டங்கள் சந்தைக்கு வந்துள்ளன. ‘தன்பா கூலா’, அதாவது ‘சீனி இல்லை’ என்று அச்சிட்ட பிஸ்கட்டுகளும் மிட்டாய்களும் சூயிங்கமும் பேரங்காடிகளில் மட்டுமன்றிச் சிறு கடைகளிலும் கிடைக்கின்றன. இவற்றிற் பலவற்றுக்கு இனிப்பூட்டுவது ‘சர்க்கரை ஆல்கஹால்’ என்னும் பொருள் வகையாகும். இதனை உண்பதால் உடலுக்கு விளைவது என்ன? சுருக்கமாகக் காண்போம்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டா

‘ஆல்கஹால்’ என்ற சொல்லைக் கண்டு இது மதுவோ என்று ஐயுற வேண்டியதில்லை. கள்ளிலும் சம்சுவிலும் போதை தருவது வேறு பொருள். இதில் போதை சிறிதும் இல்லை. மூலக்கூறின் அமைப்பை வைத்து வேதியியலார் இட்ட பெயரே இது.

சார்பிட்டால், மானிட்டால், மால்டிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எரித்ரிட்டாலை 1848இல் ஸ்காட்லாந்து வேதியியலார் ஜான் ஸ்டென்ஹவுஸ் கண்டறிந்தார். சார்பிட்டாலை 1872இல் பிரெஞ்சு அறிவியலார் புசேங்கோ ஒரு மரத்தின் கனியிலிருந்து பிரித்தெடுத்தார். இவை சில பழங்களிலும் காய்கறிகளிலும் இயற்கையாகவே சிறிதளவு உள்ளன. கடைச் சரக்குக்கு வேண்டியவை ஆலைகளில் செய்யப்படுகின்றன. குளுக்கோசோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் சார்பிட்டாலும், சோளத்தண்டு, மரம் முதலியவற்றின் நார்ப்பொருளிலிருந்து சைலிட்டாலும், குளுக்கோசை நொதிக்கச் செய்து எரித்ரிட்டாலும் பெறப்படுகின்றன.

ஒரு கிராம் சீனி 4 கலோரி ஆற்றலைத் தருகிறது. சார்பிட்டால் சுமார் 2.6, சைலிட்டால் சுமார் 2.4, எரித்ரிட்டால் 0.2 கலோரியே தருகின்றன. சைலிட்டாலின் இனிப்பு ஏறத்தாழச் சீனிக்கு நிகரானது. மற்ற இரண்டும் அதனினும் குறைந்தவை.

பல்லுக்கு நன்மை

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பல்லை அரித்துச் சொத்தையாக்குகிறது. சைலிட்டாலை இந்நுண்ணுயிர்கள் அவ்வாறு பயன்படுத்த இயலாது. 1970ஆம் ஆண்டுகளில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகள் சைலிட்டாலின் இப்பயனை உலகுக்கு எடுத்துக் காட்டின. எனவே, சீனி மிட்டாயைக் காட்டிலும் இவ்வகை மிட்டாய் பல்லுக்குத் தீங்கு குறைந்தது. எனினும், காலையும் இரவும் பல் துலக்கும் கடமைக்கு அது ஈடாகாது.

வயிற்றுக்கு ஓர் எச்சரிக்கை

சர்க்கரை ஆல்கஹால்களுள் பல, சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. எஞ்சிய பகுதி பெருங்குடலை அடைந்து, நீரைத் தன்பால் இழுக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிற்றுப் பொருமலும் பேதியும் இதன் விளைவுகளே. மலச்சிக்கலுக்கு மருந்தாகவே சார்பிட்டாலை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு என்பதை நினைத்தால் இவ்வுண்மை தெளிவாகும்.

எரித்ரிட்டாலின் போக்கு சற்று வேறு. அதன் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆயினும், அதுவும் அளவு மிஞ்சினால் பேதியை உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இதற்கு ஒரு வரம்பு விதித்தது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரை கிராம் என்பதே அவ்வரம்பு. இதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ 10 கிராம் மட்டுமே. ‘சீனி இல்லாததுதானே’ என்று குழந்தைகள் கையில் பொட்டலத்தோடு கொடுத்துவிடும் தாய்மார்கள் இக்கணக்கை மனத்திற் கொள்ள வேண்டும்.

இதயத்தைப் பற்றிய புதிய ஐயம்

2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 4,000க்கு மேற்பட்டோரின் இரத்தத்தை அவர்கள் ஆராய்ந்தனர். இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களுக்கு, அடுத்த மூன்றாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்வது கூடுதலாக இருந்தது. 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானத்தை அருந்திய நலமான தொண்டர்கள் எண்மரின் இரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாட்களுக்கு மேலாக உயர்ந்தே இருந்தது. 2024இல் இதே குழுவினர் இருபது தொண்டர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு செய்தனர். எரித்ரிட்டால் அருந்தியவர்களின் இரத்தத் தட்டணுக்கள் உறைவதற்கு முனைப்புக் கொண்டன. குளுக்கோஸ் அருந்தியவர்களிடம் அவ்வாறு காணப்படவில்லை. சைலிட்டாலைப் பற்றியும் அவ்வாண்டே இத்தகைய ஐயம் எழுந்தது.

இதனால் இவ்வினிப்புகள் நஞ்சு என்று முடிவு கட்டுவது தவறு. எரித்ரிட்டாலை நம் உடலே சிறிதளவு உருவாக்குகிறது. ஆகவே, நோயாளியின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பது உண்ட உணவாலா, உடலின் கோளாறாலா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. எனினும், இனிப்பு நீரும் இதய நோயும் உடையவர்கள், நாள்தோறும் பேரளவில் இவற்றை உண்ணாதிருப்பதே விவேகம்.

இரத்தச் சர்க்கரையும் பிஸ்கட்டும்

சர்க்கரை ஆல்கஹால்கள் சீனியைப் போல் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துவதில்லை. எரித்ரிட்டால் ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை. மால்டிட்டாலோ ஓரளவு உயர்த்தும். ஆனால், சீனி இல்லாத பிஸ்கட்டில் மாவு உண்டு, கொழுப்பும் உண்டு. அம்மாவு வயிற்றில் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேரும். ‘சீனி இல்லை’ என்பதை நம்பி ஒரு பொட்டலத்தை உண்டு தீர்ப்பவருக்கு நோய் கட்டுப்படாது, பணமும் வீணாகும்.

உயிர் காக்க வேண்டிய வேளை

இக்கட்டுரையில் மறவாது கொள்ள வேண்டிய பகுதி இதுவே. இன்சுலின் ஊசி அல்லது சிலவகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்கள், பசியாறாமல் விடியற்காலையிலேயே மரவெட்டுக்கோ செம்பனைக் குலை அறுப்புக்கோ சென்றால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். உடல் நடுங்கும், வியர்வை பெருகும், தலை சுற்றும், பேச்சுக் குழறும். பார்ப்பவர்கள் குடிபோதை என்று தவறாக நினைப்பதும் உண்டு.

அவ்வேளையில் சீனி இல்லாத மிட்டாய் உதவாது! இரத்தச் சர்க்கரையை உயர்த்தாமை என்னும் அதன் சிறப்பே அப்போது குறையாகிவிடுகிறது. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் மாவும் நன்று. கால் மணி நேரத்தில் தெளிவு ஏற்படாவிட்டால் மீண்டும் கொடுத்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். தெளிந்தபின் உணவு உண்பது அவசியம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலில் இறங்கி உயிருக்கே கேடாகும். அவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இம்மருந்துகளை உட்கொள்ளும் ஒவ்வொருவரும் வேலைக்குச் செல்லும்போது சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் உண்மையான சீனியை வைத்திருப்பது நன்று. உடன் வேலை செய்பவரிடமும் அதனைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

வீட்டு நாய்க்கு ஆகாது

மனிதர் தாங்கும் சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. அது நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும். ஆதலால், இவ்வகைச் சூயிங்கத்தையும் மிட்டாயையும் நாய்களுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க

பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருப்பதும் உண்டு. 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். ‘ஸ்டீவியா’ என்று முகப்பில் எழுதியிருந்தாலும், உள்ளே பெரும்பகுதி எரித்ரிட்டாலாக இருக்கக்கூடும். ஸ்டீவியாவின் இனிப்பு சீனியைப் போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்டதாதலால், அளவைக் கூட்டிக் காட்ட அதனுடன் வேறு பொருள் சேர்க்க வேண்டியுள்ளது.

இனிப்புக்கு மாற்று இனிப்பைத் தேடுவதைக் காட்டிலும், இனிப்பின் மீதுள்ள நாட்டத்தைக் குறைப்பதே நிலையான வழி. கோப்பியிலும் தேநீரிலும் ஊற்றும் கெட்டிப்பாலை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். நாவும் அதற்குப் பழகிவிடும். ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இவ்வுதவியைப் பயன்படுத்திக்கொள்வது, நமக்கும் நம்மை நம்பி வாழும் குடும்பத்துக்கும் நாம் ஆற்றும் கடமையாகும்.