ஹார்டு டிஸ்க் ஓசை எழுப்பினால்…

ஆரணியில் தறியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். நாடா ஓடும் ஓசை சற்றே மாறினாலும் அவரது கை நின்றுவிடும். இழை அறுந்ததா, விழுதில் சிக்கியதா என்று பார்த்த பிறகே நெசவைத் தொடர்வார். ஆனால் வீட்டு மூலையிலுள்ள பழைய கணிப்பொறி நாள் முழுதும் கரகரத்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை. சேலையின் பார்டர், முந்தி டிசைன்கள், கூலிக் கணக்கு, வரவேண்டிய பாக்கி, பிள்ளைகளின் திருமணப் படங்கள் எனப் பலவும் அதற்குள்ளே இருக்கக்கூடும்.

1804-இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த பொறியில் டிசைன் முழுவதும் அட்டைத் துளைகளில் இருந்தது. ஓர் அட்டை கிழிந்தால் அதை மட்டும் குத்திக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் அத்தகையதன்று. அதனுள் பளபளப்பான வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் முனை அத்தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. முனை தட்டில் உராய்ந்தால், உராய்ந்த இடத்துத் தகவல் அழிந்தே போகும்.

ஆகவே ஓசை மாறியதும் பழுதைத் தேடப் புறப்படாதீர்கள். கணிப்பொறி இன்னும் இயங்கி, கோப்புகளும் திறக்கின்றன என்றால், அதனை அணைக்குமுன் இன்றியமையாதவற்றைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ படியெடுத்துவிடுங்கள். தேய்ந்த டிஸ்க் அணைத்தபின் மீண்டும் சுழலாமலே போவதுண்டு. முதலில் டிசைன்களும் கணக்குகளும்; திரைப்படங்களும் பாடல்களும் பிறகு.

படியெடுத்த பின் ஆராயலாம். ஓசை டிஸ்க்கினுடையதுதானா? பல நேரங்களில் தூசி படிந்த மின்விசிறியே குற்றவாளி. மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்க்கின் இரு கேபிள்களையும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். ஓசை நீடித்தால் டிஸ்க் நிரபராதி. ஓசை நின்றுவிட்டால், அதைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். வெறும் அதிர்வாகவும் இருக்கலாம். கீச்சென்ற இடைவிடாத ஒலி பழைய டிஸ்க்குகளில் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். ஒரே சீராக ‘டக், டக்’ என்பதே மிகவும் அஞ்சத்தக்கது. முனை தன் தடத்தைக் கண்டுகொள்ள இயலாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்பது அதன் பொருள். மின்சாரம் போதாதபோதும் இவ்வொலி எழும். எனவே வேறொரு பவர் கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். அதன்பின்னும் தொடர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள். படியெடுக்காத தகவல் உள்ளே இருந்து, அது விலைமதிப்பற்றதுமானால், தகவல் மீட்புப் பணியில் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். செலவு சற்று அதிகமே.

டிஸ்க்கைத் தட்டுவது, குளிர்பெட்டியில் வைப்பது போன்ற கைவைத்தியங்களை எவர் சொன்னாலும் செவிசாய்க்காதீர்கள். குளிரிலிருந்து எடுத்ததும் படியும் ஈரமே அதற்குக் கேடாகும். மூடியைத் திறப்பது அதனினும் தீது. பாவு நூலின் தும்பு பறக்கும் அறையில் திறந்தால் ஒரே துகள் போதும்.

புது டிஸ்க் வாங்குவோர் இக்காலத்தில் எஸ்.எஸ்.டி.யைத் தேர்கின்றனர். சாட்டா இணைப்புள்ள பழைய பொறிகளிலும் அதைப் பொருத்தலாம். வேகம் நன்றாகவே கூடும். சுழலும் பாகம் ஏதும் அதில் இல்லை. ஆகையால் பழுதாகும்போதும் அது ஓசை எழுப்பாது. இரண்டாவது படி ஒன்றை உறவினர் வீட்டிலேனும் வைத்திருங்கள்.